உங்கள் பர்ஸில் இருக்கும் அந்த முகம் யார்? துங்கு இல்லை, துவாங்கு

ஒரு வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்க. ஈ-வாலட்டில்தான் வாழ்க்கையே ஓடுது என்றால் அம்மாவிடம் கேட்டு வாங்குங்க. தலையில் தெங்கோலோக், அமைதியான பார்வை. யார் இவர்?

நம்மில் நிறைய பேர் யோசிக்காமல் சொல்லும் பதில், துங்கு அப்துல் ரஹ்மான், நாட்டின் முதல் பிரதமர். பெயர் கிட்டத்தட்ட சரி. ஆள் வேறு.

நோட்டில் இருப்பவர் துவாங்கு அப்துல் ரஹ்மான் இப்னி அல்மர்ஹூம் துவாங்கு முஹம்மட். நெகிரி செம்பிலானின் யாங் டி-பெர்துவான் பெசார். சுதந்திர மலாயாவின் முதல் மாமன்னர். பிரதமர் துங்கு கெடாக்காரர். 1903-ல் பிறந்து 1990-ல் மறைந்தார். மாமன்னர் 1895-ல் ஸ்ரீ மெனாந்தியில் பிறந்து, 1960-லேயே மறைந்துவிட்டார்.

ஞாபகம் வச்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. கோலாலம்பூரில் பெருநாளுக்குத் துணி எடுக்கப் போறோமே ஜாலான் டார், அது மாமன்னரின் பெயர். கம்பாரில் இருக்கும் யூடார் பல்கலைக்கழகம், அது பிரதமரின் பெயர்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு காரணமும் இருக்கு. தோட்டத்தை விட்டு அம்பாங்கான், ரஹாங், பாரோய் பக்கத்து தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களில், பாட்டியின் இரும்புப் பெட்டியோ மைலோ டின்னோ திறக்கப்படும்போது பழைய நோட்டுகள் கிடைக்கின்றன. சிலவற்றில் இந்த முகம், சிலவற்றில் பிரிட்டிஷ் ராணி, சிலவற்றில் வாழைமரம். உடனே எழும் கேள்வி, இது எவ்வளவு போகும்? அதற்குப் பதில் தெரிய, இந்த மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது உண்மையிலேயே உதவும். அவர் வாழ்ந்த 64 ஆண்டுகளில் இந்த நாட்டின் பணம் எத்தனையோ முறை முகம் மாறியது.

வெள்ளி புழங்கிய காலம்

சிரம்பானிலிருந்து அம்பாங்கான், பாரோய் தாண்டி, புக்கிட் புத்துஸ் மலை ஏறி இறங்கினால் கோலப்பிலா சாலையில் ஸ்ரீ மெனாந்திக்குப் பிரியும் வழி வரும். நெகிரி செம்பிலானின் அரச ஊர் அதுதான். 1895 ஆகஸ்ட் 24-ல் துவாங்கு முஹம்மட்டின் இரண்டாவது மகனாக அப்துல் ரஹ்மான் அங்கே பிறந்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் இஸ்தானா லாமா, 99 தூண்களில் நிற்கும் அந்த மர அரண்மனை, 1908-ல் கட்டி முடிந்தபோது அவருக்கு வயது 13-கூட ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம்.

அவர் பிறந்தபோது இங்கே மக்கள் கையில் புழங்கிய பணம் பெரும்பாலும் வெள்ளி நாணயம். மெக்சிகோ டாலர் அதில் முக்கியமானது. அதற்கும் முன்னால் ஸ்பானிய டாலர். அதன் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். மலாயில் அப்படிப் பல்பல்லாக இருப்பதற்குத்தான் ரிங்கிட் என்று பெயர். நம்ம ஆட்கள் இன்னும் பத்து வெள்ளி, அம்பது வெள்ளி என்று சொல்வதும் அந்தக் காலத்து ஒட்டுதான். அரசாங்கம் ரிங்கிட் என்ற பெயரை அதிகாரபூர்வமாக்கியது 1975-ல்.

இதே ஸ்பானிய டாலர் அமெரிக்காவிலும் 1857 வரை சட்டப்படி செல்லும் பணமாக இருந்தது. ரிங்கிட்டுக்கும் அமெரிக்க டாலருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவர்தான்.

இளவரசர், ஆனால் அலுவலக வேலை

ஜெம்போலில் மலாய்ப் பள்ளி, பிறகு கோலாகங்சார் மலாய்க் கல்லூரி. 1914-ல் படிப்பு முடிந்ததும் அரண்மனைக்குத் திரும்பி உட்காரவில்லை. கோலாலம்பூரில் அரசாங்கச் செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சிரம்பான் நில வரி அலுவலகத்தில் உதவி அதிகாரி. ரப்பர் தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நில அலுவலகம் என்றால் மேசை நிறைய பட்டா, எல்லை, வரி என்று கோப்புகள் குவிந்திருக்கும் இடம். நம் முன்னோர்கள் காடு வெட்டிக் கன்று நட்ட அதே காலம்.

மூத்த சகோதரர் இறந்ததால் 1917-ல் துங்கு மூடா செர்திங் என்ற பட்டம் இவருக்கு வந்தது. அதன் பிறகும் அரசாங்க வேலையை விடவில்லை.

1925-ல் தந்தையுடன் லண்டன் போனார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்திக்கும் பயணம். தந்தை திரும்பிவிட்டார், மகன் சட்டம் படிக்க அங்கேயே தங்கிவிட்டார். பிரிட்டனில் இருந்த மலாய் மாணவர்கள் தொடங்கிய சங்கத்துக்கு முதல் தலைவர் இவர். கெடாவிலிருந்து படிக்க வந்திருந்த இன்னொரு அப்துல் ரஹ்மானும் அந்தச் சங்கத்தில் இருந்தார். ஆமா, பிற்காலப் பிரதமரேதான்! இரண்டு இளவரசர்கள், ஒரே பெயர், ஒரே ஊரில் ஒரே படிப்பு. நாம் குழம்புவதில் ஆச்சரியமே இல்லை. நம்மவர் 1928-ல் படிப்பை முடித்து நாடு திரும்பினார். கெடாக்காரருக்கு வழக்கறிஞர் தேர்வு முழுதாகக் கைகூட 1949 ஆனது.

திரும்பி வந்ததும் மீண்டும் மாவட்ட அதிகாரி வேலை. 1933 ஆகஸ்ட்டில் தந்தை மறைந்தார். நெகிரி செம்பிலானில் மகன் என்பதற்காக மட்டும் அரியணை கிடைத்துவிடாது. சுங்கை ஊஜோங், ஜெலபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங் தலைவர்கள் கூடி, அரச குடும்பத்திலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டாவது யாங் டி-பெர்துவான் பெசார் ஆனபோது 38 வயது நிறைய மூன்று வாரம் இருந்தது.

வாழைமர நோட்டு

அவர் ஆட்சிக்கு வந்து எட்டு வருடத்தில் ஜப்பான் வந்தது. ஜப்பானியர் அச்சிட்ட 10 வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால், அந்தப் பணம் முழுவதற்கும் வாழைமர நோட்டு, டுவிட் பிசாங் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் ஒவ்வொரு நோட்டுக்கும் வரிசை எண் போட்டார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டு வெறும் எழுத்துகளோடு அச்சடித்துத் தள்ளினார்கள். பணம் பெருகப் பெருக அரிசி எட்டாத உயரத்துக்குப் போனது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பி வந்து, அந்த நோட்டு எதற்கும் மதிப்பில்லை என்று அறிவித்தது. கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் கையில் மிஞ்சியது காகிதம்.

உங்கள் வீட்டில் வாழைமர நோட்டு கிடைத்தால் முதலில் எண் இருக்கிறதா என்று பாருங்க. எழுத்து மட்டும் இருந்தால் அது நிறைய கிடைக்கும் வகை, பெரிதாக விலை போகாது. வரிசை எண் இருந்தால் சேகரிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்னர்

1957-ல் ஒன்பது மலாய் ஆட்சியாளர்களில் ஒருவர் ஐந்தாண்டுக்கு மாமன்னராக இருப்பது, பிறகு அடுத்தவர் என்று முடிவானது. உலகில் இப்படி ஒரு ஏற்பாடு அபூர்வம். நெகிரி செம்பிலான் மக்களுக்கு அது அவ்வளவு புதிதாக இருந்திருக்காது; நான்கு உண்டாங்குகள் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அவர்களுக்குப் பழகியதுதானே.

வரிசைப்படி முதலிடம் ஜோகூர் சுல்தான் இப்ராஹிமுக்கு. அவர் அரியணை ஏறியது 1895-ல், அதாவது நம் கதாநாயகர் பிறந்த வருடத்தில். முதுமையைக் காரணம் காட்டி அவர் மறுத்துவிட்டார். அடுத்து பகாங் சுல்தான் அபு பக்கார். அவருக்குத் தேவையான ஓட்டு கிடைக்கவில்லை. அதற்கடுத்த இடத்தில் துவாங்கு அப்துல் ரஹ்மான். 1957 ஆகஸ்ட் 3-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தேர்வானார். (இன்றைய 17-வது மாமன்னர், அன்று மறுத்த ஜோகூர் சுல்தானின் கொள்ளுப்பேரன் என்பது இன்னொரு சுவாரசியம்.)

நோட்டில் அவர் தலையில் இருக்கும் தெங்கோலோக்கைக் கவனிச்சீங்களா? அந்தக் கட்டு நெகிரி செம்பிலான் பாணி. பெயர் டெண்டாம் தக் சூடா, தீராத பகை என்று பொருள். முதல் மாமன்னர் அங்கிருந்து வந்ததால் மாமன்னரின் அதிகாரபூர்வத் தலைப்பாகைக்கும் அந்தப் பாணியே நிலைத்தது.

ஆகஸ்ட் 31-ல் நாடு சுதந்திரம் பெற்றது. இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்க. புதிய நாடு, புதிய கொடி, புதிய மாமன்னர். கடையில் நீட்டும் நோட்டில் மட்டும் இரண்டாம் எலிசபெத் ராணி! 1953-ல் வந்த அந்த நோட்டுகளை வெளியிட்டது மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய ஆணையம். சிங்கப்பூருக்கும் புருணைக்கும் சேர்த்து ஒரே பணம். 1959-ல் ஒரு வெள்ளி நோட்டில் ராணிக்குப் பதில் பாய்மரப் படகு வந்தது. 1961-ல் பத்து வெள்ளியில் எருமை பூட்டி உழும் விவசாயி வந்தார். இரண்டுமே அழகான நோட்டுகள். என்னைக் கேட்டால் பின்னால் வந்த எதுவும் அந்த எருமையை மிஞ்சவில்லை.

அந்த எருமையை மாமன்னர் பார்க்கவே இல்லை. 1960 ஏப்ரல் 1-ல் கோலாலம்பூர் இஸ்தானா தெத்தாமுவில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. ஆட்சி இரண்டு வருடம் ஏழு மாதம். அதற்குள் சுதந்திர நாட்டின் முதல் நாடாளுமன்றம் 1959 செப்டம்பரில் கூடிவிட்டது. ஸ்ரீ மெனாந்தி அரச கல்லறையில் அடக்கம் செய்தார்கள். தன் முகம் பதித்த நோட்டு ஒன்றைக்கூட அவர் கையில் பிடித்ததில்லை.

ஏழு வருடம் கழித்து நோட்டில் வந்தவர்

பேங்க் நெகாரா 1959-ல் தொடங்கினாலும், நோட்டு வெளியிடும் உரிமை நாணய ஆணையத்திடமிருந்து அதற்கு முழுதாகக் கிடைத்தது 1967 ஜூன் 12-ல். அன்று வெளிவந்த முதல் வரிசை நோட்டுகள் 1, 5, 10, 50, 100 வெள்ளி. அடுத்த வருடம் 1,000 வெள்ளி. எல்லாவற்றிலும் மறைந்த முதல் மாமன்னர்.

ஏன் அப்போதைய மாமன்னர் இல்லை? நடைமுறையாகப் பார்த்தாலே புரியும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாமன்னர் மாறுகிறார். ஒவ்வொரு முறையும் எல்லா நோட்டையும் மாற்றி அச்சடிக்க முடியுமா? அமெரிக்காவிலும் உயிரோடு இருப்பவர் படத்தை நோட்டில் போடக் கூடாது என்று 1866-லேயே சட்டம் வந்தது. கருவூலத்தில் வேலை பார்த்த ஸ்பென்சர் கிளார்க் என்ற அதிகாரி 5 செண்ட் நோட்டில் தன் படத்தையே போட்டுக்கொண்ட கூத்துக்குப் பிறகு.

ஆனால் 1967-ல் உண்மையில் மக்களைப் புரட்டிப் போட்டது படம் இல்லை. நவம்பர் 18-ல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. பழைய ஆணைய நோட்டுகள் பவுண்டோடு கட்டப்பட்டவை. புதிய பேங்க் நெகாரா நோட்டு தன் மதிப்பைக் காத்துக்கொண்டது. விளைவு, ராணியும் படகும் எருமையும் இருந்த நோட்டில் ஒரு வெள்ளி, ஒரே இரவில் 85 காசு. வங்கிப் பக்கம் போகாமல் பெட்டியில் பணம் வைத்திருந்தவர்களுக்குத்தான் பெரிய அடி. தோட்டத்தில் வங்கிப் பக்கம் போனவர் எத்தனை பேர்? பினாங்கில் கடையடைப்பு கலவரமாகி உயிர்கள் போயின. பாட்டி அந்தக் கால நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருக்கலாம். கேட்டுப் பாருங்க.

சரி, எவ்வளவு போகும்?

முதலில் ஒன்று. பழையது என்பதாலேயே விலை ஏறாது. அமெரிக்க நோட்டுச் சந்தை இதற்கு நல்ல உதாரணம். 1890-ல் வெளியான 1,000 டாலர் நோட்டு ஒன்று 2014 ஜனவரியில் ஏலத்தில் 32 லட்சத்து 90 ஆயிரம் டாலருக்குப் போனது. பின்பக்கம் பூஜ்ஜியங்கள் தர்ப்பூசணி மாதிரி இருப்பதால் அதற்குச் செல்லப் பெயரே தர்ப்பூசணி நோட்டு. எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் நீல முத்திரை போட்ட 1957-ம் ஆண்டின் ஒரு டாலர் நோட்டுக்கு வயது அறுபதைத் தாண்டியும், கசங்கியிருந்தால் முகமதிப்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள், கோடிக்கணக்கானோர் ஞாபகமாக எடுத்தும் வைத்தார்கள்.

நம்ம முதல் வரிசை நோட்டும் அப்படித்தான். சாதாரணமானவை நிறைய இருக்கு. விலையை ஏற்றுவது சின்னச் சின்ன விஷயங்கள்.

எழுத்தைப் பாருங்க. 1972-ல் மலாய் எழுத்துமுறை மாறியது. அதற்கு முன் அச்சான பத்து வெள்ளியில் 'சா-பூலோ ரிங்கிட்' என்று நடுவில் கோடு போட்டு எழுதியிருக்கும். பிந்தியதில் 'செபூலு ரிங்கிட்'. ஐம்பதிலும் 'பூலோ', 'பூலு' வித்தியாசம் உண்டு. பழைய எழுத்துக்கு மவுசு அதிகம். கையெழுத்தைப் பாருங்க. இஸ்மாயில் முகமட் அலி என்றால் முந்தையது. இவர் டாக்டர் சித்தி ஹஸ்மாவின் அண்ணன் என்பது கூடுதல் தகவல். அசிஸ் தாஹா என்றால் 1980-களின் தொடக்கம். வரிசை எண்ணுக்கு முன்னால் ஆங்கில இசட் எழுத்து இருந்தால், அது அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாகப் போட்ட மாற்று நோட்டு, குறைவாகவே இருக்கும். அமெரிக்காவில் இதற்கு எண்ணோடு ஒரு நட்சத்திரம் போடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நோட்டின் நிலை. நடுவில் ஒரு மடிப்பு விழுந்தாலே விலை இறங்கும். துருக் கறை, ஊசித் துளை, டேப் ஒட்டினது எல்லாமே விலையைக் குறைக்கும். அமெரிக்காவின் பிஎம்ஜி போன்ற நிறுவனங்கள் 70 வரை மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. நம்ம ஊர்ச் சந்தையிலும் அந்த எண்ணை வைத்துத்தான் பேரம். இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். கிடைத்த நோட்டை அன்போடு துவைத்து, அயர்ன் பண்ணி, லேமினேட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! துடைக்கக்கூட வேண்டாம். அப்படியே தட்டையாக, ஈரம் படாத இடத்தில் வைங்க.

இன்னொன்று. பழைய நோட்டுக்குப் பல்லாயிரம் வெள்ளி தருகிறோம் என்று சமூக ஊடகத்தில் வரும் விளம்பரம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கோங்க. வாங்க வருபவர் உங்களிடம் ஏன் பணம் கேட்கணும்? ஏலங்களில் அதே வகை, அதே நிலை நோட்டு நிஜமாக எவ்வளவுக்கு விற்றது என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. விற்பவர்கள் போடும் விலை வெறும் ஆசை.

மகன் காலத்திலும் அப்பாவின் முகம்

துவாங்கு அப்துல் ரஹ்மானுக்குப் பின் மகன் துவாங்கு முனாவிர் நெகிரி செம்பிலானை ஆண்டார். 1967-ல் அவர் மறைய, இன்னொரு மகன் துவாங்கு ஜாஃபார் வந்தார். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி அவர் பெயரில்தான் இருக்கு. 1994-ல் துவாங்கு ஜாஃபார் பத்தாவது மாமன்னர் ஆனார். ஐந்து வருடம் நாட்டின் தலைவராக இருந்தபோதும், நாடே செலவு செய்த நோட்டில் இருந்தது அவருடைய அப்பா.

மற்ற மாமன்னர்களின் முகத்தை நோட்டில் பார்க்கணும் என்றால் 2017-ல் வெளியான 600 வெள்ளி நினைவு நோட்டைப் பாருங்க. 37 செண்டிமீட்டர் நீளம், 22 அகலம், பர்ஸில் அடங்காது. அன்றுவரை இருந்த 15 மாமன்னர்களும் அதில் இருக்கிறார்கள்.

பெட்டியில் 500 அல்லது 1,000 வெள்ளி நோட்டு கிடைத்தால் மட்டும் கடைக்கு எடுத்துப் போகாதீங்க. 1998 நிதி நெருக்கடியை ஒட்டி எடுத்த முடிவில், அந்த இரண்டும் 1999 ஜூலை 1 முதல் செல்லாது. இன்று அவற்றுக்கு விலை வைப்பவர்கள் சேகரிப்பாளர்கள் மட்டும்தான். அவர்களும் முதலில் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் புலித்தலை நீரோட்டம் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.